முழங்கை அளவு

கேட்டிருக்க வேண்டும்... அதை மட்டும் எப்படி விட்டாள், கூடை என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் கேட்பது அதுதானே, மீன்காரி வந்து நின்றாலும் பூக்கடைக்காரி வந்து நின்றாலும், எவ்வளவு கொள்ள வேண்டும், மூடி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம், முதலில் யார் கைக்கு என்று கேட்டு, ஆணியில் தொங்கும் நூலை எடுத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கையின் உள்குழியிலிருந்து இடுப்பெலும்பு வரை நூலை இறக்கி ஒரு முடிச்சு, அவ்வளவுதான், அந்த முடிச்சுதான் கைப்பிடி, அது சரியாக விழுந்தால் கூடை இடுப்பில் குழந்தை மாதிரி உட்காரும், ஒரு விரல் கூடினால் நடக்க நடக்கத் தொடையில் இடிக்கும், ஒரு விரல் குறைந்தால் விலாவில் குத்தும், இருபது வருஷமாக இந்தச் சந்தையில் இருக்கிற கைகளையெல்லாம் அளந்தவள், யாருடைய வலது கை இடது கையைவிட அரை விரல் குட்டை என்பது வரைக்கும் தெரிந்தவள், இந்த ஒரு கையை அளக்கவில்லை, அளவு என்ன என்று கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. அக்காவின் நம்பர். அக்கா இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாளே என்று எடுத்தால், சித்தி, நான்தான், என்று ஒரு கிசுகிசுப்பு, பின்னால் எங்கோ வாளியில் தண்ணீர் விழும் சத்தம். "கைப்பிடி வெச்ச கூடை ஒண்ணு வேணும் சித்தி, வட்டமா. பண்ணித் தரீங்களா? அம்மா குளிக்கறாங்க, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சனிக்கிழமை அப்பா அந்தப் பக்கம் வராரு, அவர்கிட்ட குடுத்து விடுங்க." இவள் ம் என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பெண் தானாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டிருக்கிறது, அதற்கு இவள் வாயிலிருந்து வந்தது ஒரு ம், அதற்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, போனும் நின்றுவிட்டது.

இன்று சனிக்கிழமை. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, அத்தான் நான்கு மணிக்கு வந்துவிடுவார், அவர் தராசு பழுது பார்க்கிறவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சந்தைக்கு வந்து ஒவ்வொரு கடைத் தராசாக நிமிர்த்திவிட்டு, போகிற வழியில் இங்கே எட்டிப் பார்ப்பார், நேரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, நான்கு என்றால் நான்குதான். தொட்டித் தண்ணீரில் கைப்பிடிப் பிரம்பு கிடக்கிறது, சுண்டுவிரல் கனம், பத்தரைக்குப் போட்டது, அரை மணி ஊறினால் போதும், இது ஒன்றரை மணி நேரமாக ஊறிக்கொண்டிருக்கிறது, இதற்கு மேல் விட்டால் தோல் உரிந்து நார் நாராகப் போய்விடும், எடுத்து வளைக்க வேண்டியதுதான் பாக்கி, எந்த அளவுக்கு வளைப்பது? கூடை என்னவோ அழகாக வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாணலை இரண்டு கட்டு பிரித்து, கறுப்பு விழுந்ததையெல்லாம் ஒதுக்கி, தேன் நிறத்தில் இருந்ததாகப் பொறுக்கி, அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பதினைந்து நிலைக்குச்சி நிறுத்தி, பதினைந்து ஏன் என்றால் ஒற்றைப்படை, ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஓடுகிற நாணல் ஒரு சுற்றில் உள்ளே போன இடத்தில் அடுத்த சுற்றில் வெளியே வரும், இரட்டைப்படையில் நிறுத்தினால் போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும், எத்தனை சுற்று சுற்றினாலும் பிடிமானமே இருக்காது, சில மனுஷர் நினைப்பு மாதிரி. மூன்று நாள், வேறு வேலை எதையும் தொடாமல். மேல் விளிம்பை இறுக்குகிற வாய்க்கட்டை மட்டும் இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்துவிட்டு, யாருக்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய், எந்த நாட்டு மகாராணிக்கு, என்றார். சந்தைக்குத்தான் என்றாள். அவரிடம் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், அவரும் தகப்பன்தானே.

அம்மாகிட்ட சொல்லிடாதீங்க... அந்த வார்த்தையை இந்த நான்கு நாளில் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள், வாயில் போட்ட மிட்டாய் கரைந்துவிடாமல் கன்னத்தில் ஒதுக்கிவைப்பது போல. அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்று. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. கடையில் கிடைக்காத கூடையா, அக்கா இருக்கிற ஊரில் இல்லாத கடையா, இருந்தும் சித்தியிடம் கேட்கத் தோன்றியிருக்கிறது என்றால், ரத்தம் எங்கேயோ ஒரு மூலையில்... சே, என்ன நினைப்பு இது, அவளுக்கு என்ன தெரியும், பதினெட்டு ஆகட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லி, சரி என்று இவளும் தலையாட்டி, இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. தரீங்களா என்றாள். சொல்லாதீங்க என்றாள். அக்காவிடம் பேசும்போது, நீ சும்மா இரும்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது என்று சண்டைக்கு நிற்கிற பெண், சித்தியிடம் வந்தால் மட்டும் ங்க ங்க என்று மரியாதை, நல்லபடியாக வளர்த்திருக்கிறாள் அக்கா, குறை சொல்ல முடியாது, அந்த மரியாதைதான் செருப்புக்குள் விழுந்த மணல் மாதிரி, எடுத்துக் காட்டவும் முடியாது, நடக்கவும் முடியாது.

யாரும் எழுதி வாங்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் வேடிக்கை. பிரசவத்துக்குத் துணையாக வந்தாள் அக்கா, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் மடி நிறையாதவள், தங்கைக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்ததும் அதைத் துடைத்துக் கையில் வாங்கியது அவள்தான். பத்தாம் நாள் இவளுக்குக் காய்ச்சல் கண்டது, மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை, தன் இரண்டு பையன்களின் முகமே மங்கலாகத் தெரிந்த நாட்கள், குழந்தை அக்காவின் கையிலேயே இருந்தது, அக்காவின் கையிலேயே தூங்கியது, காய்ச்சல் விட்டு இவள் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினால் வீறிட்டது. அக்கா ஊருக்குத் திரும்பின அன்று முழுக்க அழுதது, மறுநாளும் அழுதது, மூன்றாம் நாள் தொண்டை கட்டிச் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியதைப் பார்க்கப் பொறுக்காமல் இவளேதான் அக்காவை வரவழைத்தாள். பத்து நாள் வச்சிரு அக்கா, நான் கொஞ்சம் தேறிக்கறேன். சொன்னது யார்? இவள். பத்து நாள் ஒரு மாதமானது, மாதம் மழைக்காலம் போகட்டும் என்றானது, அப்புறம் அது அங்கே நடக்க ஆரம்பித்து, அங்கே பேச ஆரம்பித்து, அம்மா என்று சொல்ல ஆரம்பித்து... தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் போன கதை. யார் மேல் கோபப்படுவது, அக்கா திருடவில்லை, இவள் விற்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். காலையிலிருந்து மிஷின் சத்தத்துக்கு நடுவே இவள் பிரம்பை எடுப்பதும் மறுபடி தண்ணீரில் போடுவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அவளுக்கு முதுகிலும் கண். என்ன, கூடைக்காரி பிரம்பைத் தலைக்குக் குளிப்பாட்டுகிறாளா, என்றாள். அளவு இல்லை என்று இவள் சொன்னாள், யாருக்கு என்று சொல்லவில்லை, சொல்லாமலே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஊசியில் நூல் கோத்தாள். "அளவு இல்லாம நான் தைச்சேன்னா அதுக்குப் பேரு சட்டை இல்லம்மா, தலையணை உறை. ஒரு போன் போட்டுக் கேளேன், வாய்க்கு என்ன வாடகையா குடுக்கற?" போடலாம்தான். ஆனால் அது அக்காவின் போன், எடுத்தால் அக்கா எடுப்பாள், சொல்லாதீங்க என்று அது சொன்னதை எப்படி உடைப்பது, முதன்முதலாக நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறது, அதைப் போட்டு உடைத்தால் இரண்டாவது எங்கிருந்து வரும்? சரி, அத்தானைக் கேட்கலாம், கேட்டால் என்ன சொல்வார், தராசில் நிறுத்தி எடையை வேண்டுமானால் சொல்வார். இதையெல்லாம் தையல்காரியிடம் சொல்ல முடியுமா? அதெல்லாம் வேண்டாம் என்றாள். "சரி, அப்ப கண்ணை மூடிக்கிட்டு நினைச்சுப் பாரு. பெத்த... பார்த்த கண்ணுக்கு அளவு தெரியாதா?" வாய் தவறிவிட்டதை மறைக்க மிஷினை வேகமாக மிதித்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்கா புது வீட்டுக்குப் போனபோது, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அது குதித்துக்கொண்டிருந்தது, அப்போது தலை இவள் தோள் வரை, தோள் என்றால் எந்த இடம், எலும்பா அதற்குக் கீழேயா, முன்னால் ஒரு பல் மேல் ஒரு பல் ஏறியிருந்தது, வலது கன்னத்தில் மை, அதெல்லாம் அச்சடித்த மாதிரி வருகிறது, கை வரவில்லை. கையை ஏன் பார்க்காமல் விட்டாள், சந்தையில் எதிரே வருகிறவள் முகத்துக்கு முன்னால் முழங்கையைப் பார்க்கிறவள்... பார்த்தால் அளந்துவிடுவோம் என்று பயமா? அளந்து என்ன செய்ய? அங்கே போய்விட்டு வந்தாலே நான்கு நாள் சோறு இறங்காது, அக்காவின் குரலும் போனில் நூலாக இளைத்துவிடும், அதனால்தான் போவதையே குறைத்துக்கொண்டாள், இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லாமல் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும், அந்த வயதில் பெண்கள் ஒரே வருஷத்தில் கொடி மாதிரி ஏறிவிடுவார்களே, அத்தானைப் போல உயரமாகவா... அத்தானைப் போல எப்படி இருக்கும், பைத்தியம், அவளை அத்தானா பெற்றார்? என்னைப் போலத்தானே இருக்கும். நினைப்பு அங்கே வந்து நின்றது. என்னைப் போலத்தானே. முக்காலியைப் போட்டு ஏறிப் பரணில் கையை விட்டாள்.

அந்தப் பழைய கூடையில் துணிமாட்டும் கிளிப்புகள் கிடந்தன. அவள் பின்னிய முதல் கூடை, பதின்மூன்று வயதில், வாய்க்கட்டு கோணல், ஒரு பக்கம் வயிறு தள்ளி நிற்கும், அக்கா அதைப் பார்த்து, இது கூடையா, நாய் படுத்து எழுந்த இடமா என்று மூன்று நாள் சிரித்தாள். ஆனால் கைப்பிடி மட்டும் ஒழுங்கு, தன் கைக்குத் தானே அளந்து வளைத்தது. கிளிப்புகளைத் தரையில் கொட்டிவிட்டு முழங்கையில் மாட்டினாள். ஏறவில்லை, பாதி வந்து சதையில் நின்றுவிட்டது. எவ்வளவு சின்னக் கை... இது நானா. நூலை எடுத்து அந்தக் கைப்பிடியின் வளைவோடு வைத்து முடிச்சுப் போட்டாள். பிரம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, முடிச்சுக்கு நேராகப் பிடித்துக் கயிறு கட்டி ஜன்னல் காற்றில் தொங்கவிட்டாள், ஒருமுறை காய்ந்துவிட்டால் பிரம்பு வேறு வளைவுக்கு வராது, உடையுமே தவிர வராது. அது இறுகியதும் இரண்டு முனையையும் நிலைக்குச்சிகளின் ஓரமாக அடி வரைக்கும் இறக்கி, மெல்லியதாகப் பிளந்த நாணலால் இடைவெளி விடாமல் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றும்போது கைக்குள் ஒரு சின்ன முழங்கை இருப்பது போலவே இருந்தது. இங்கே தோல் உரசும், இங்கே இன்னும் ஒரு சுற்று நெருக்கி. ஒருவேளை அளவு தப்பினால்? தப்பினால் அது என்னைப் போல இல்லை என்று அர்த்தம், சரியாக இருந்தால்... சரியாக இருந்தால் மட்டும் என்ன, யார் வந்து அதைச் சொல்லப்போகிறார்கள், அத்தான் வாங்கிக்கொண்டு போவார், அது அங்கே மாட்டிப் பார்க்கும், சரியோ தப்போ சித்திக்குத் தெரியப்போவதில்லை.

நான்கு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒருவர் இறங்குகிற சத்தம், அப்புறம் இன்னொருவர் இறங்குகிற சத்தம். வாசலில் அத்தானுக்குப் பின்னால் அது நின்றது, பல் மேல் பல் ஏறிய அதே சிரிப்பு, தலை இப்போது இவள் காது வரை. அடம் பிடிச்சு ஏறி உட்கார்ந்துடுச்சு, கூடைய நானே பார்த்து வாங்கணுமாம், என்றார் அத்தான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. இவள் வா என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, கையில் கூடை இருந்தது, நீட்டினாள். அது வாங்கி, இப்படி அப்படித் திருப்பி, ஐயோ நல்லா இருக்கு சித்தி என்று சொல்லிக்கொண்டே முழங்கையில் மாட்டியது. கூடை போய் இடுப்பில் உட்கார்ந்தது. தொடையில் இல்லை, விலாவில் இல்லை. உட்கார்ந்தது. அது இரண்டு அடி நடந்து பார்த்தது, கூடை ஆடவில்லை. அரை விரல் கூடவும் இல்லை குறையவும் இல்லை, முப்பது வருஷத்துக்கு முன்னால் அளந்த அளவு.

அது கூடையைக் கழற்றிக் கைப்பிடியைச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது, முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஆனா சித்தி... அம்மா கைக்கு இது பத்தாதே."

அம்மா கைக்கு. அடுத்த மாதம் அம்மாவுக்கு நாற்பத்தெட்டு முடிகிறது, பரிசாகக் கொடுக்கப் போகிறார்களாம், அம்மா இப்போதும் கடைக்குப் போனால் பிளாஸ்டிக் பையைக் காட்டி, என் தங்கை பின்னின கூடை இருந்தா இதைத் தொடுவேனா என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம், அதனால் அப்பாவும் மகளும் ரகசியத் திட்டம் போட்டு, அம்மா குளிக்கும்போது போன் செய்து... அது சொல்லிக்கொண்டே போனது. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும், யார் கைக்கு என்று. அளவைக் கேட்கவில்லை என்றுதானே நான்கு நாளாகத் தலையில் அடித்துக்கொண்டாள், அதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பது தோன்றவே இல்லையே, மீன்காரியிடம் கேட்பாள், பூக்கடைக்காரியிடம் கேட்பாள். அதனால என்ன கண்ணு, கைப்பிடியை மாத்திட்டா போச்சு, என்று யாரோ சொன்னது கேட்டது, தன் குரல்தான். அம்மா அளவு நான் ரகசியமா எடுத்துட்டு வந்திருக்கேன், தூங்கறப்ப அளந்தேன், என்று அது பையில் கையை விட்டது. வேண்டாம் என்றாள். "அக்கா கை எனக்குத் தெரியும்."

தெரியும். சுற்றிய நாணலை அவிழ்க்க அவிழ்க்கத் தெரிந்தது. அன்றைக்கு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள், இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தைப் பார்த்தால் பொறுக்காது என்று கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முழங்கை மடிப்பிலிருந்து குழந்தையின் கால் தொங்குகிற இடம் வரை, தெரு திரும்புகிற வரை, வேறு எதையும் பார்க்கவில்லை. பெற்றதன் கையை இரண்டு வருஷத்தில் மறந்துவிட்டாள், அந்தக் கை மட்டும் ஒரு நூல் பிசகாமல் நிற்கிறது. புதுப் பிரம்பு ஒன்றைத் தேர்ந்து தொட்டியில் போட்டாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் அத்தான். ஊறவே ஒரு மணி நேரமாவது ஆகும், அப்புறம் வளைக்கணும், சுத்தணும், என்றாள். அத்தான் பிரம்பைப் பார்த்தார், அதன் கனத்தைப் பார்த்தார், கூடைக்கார வீட்டில் பெண் எடுத்து இருபத்தைந்து வருஷம் ஆனவர், கண்ணே தராசாக இருக்கிறவர், அரை மணியில் ஊறுகிற பிரம்பு எது என்று அவருக்குத் தெரியாதா? சந்தையில ரெண்டு தராசு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு டீ குடிச்சுட்டு வரேன், நீ மெதுவாவே பண்ணு, என்று சொல்லிவிட்டுச் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டர் போனபின் வீட்டில் இரண்டு பேர். கழற்றிய கைப்பிடியை நான் எடுத்துக்கட்டுமா என்று அது கேட்டது, எடுத்துக்கோ, வேற எதுக்கும் ஆகாது அது, என்றாள். அதைக் கையில் போட்டுச் சுழற்றிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தது, நூல் தொங்கும் ஆணி, நாணல் கட்டு, தையல்காரியின் ஜன்னல், அங்கே மிஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. முக்காலிப் பக்கம் போய்க் குனிந்தது. "இது என்ன சித்தி, இவ்ளோ கோணலா?" என்று சிரித்தது, சிரித்துக்கொண்டே மாட்டியது, அக்கா சிரித்த அதே கூடையை. சிரிப்பு பாதியில் நின்றது. இடுப்பைக் குனிந்து பார்த்தது, நடந்து பார்த்தது, கையிலிருந்த வளைவை அந்தக் கைப்பிடியோடு சேர்த்துவைத்துப் பார்த்தது. "இதுவும் எனக்குச் சரியா இருக்கே... யாரோடது?" என்னோடது, உன் வயசுல பண்ணினது, என்றாள் இவள், தண்ணீருக்குள் பிரம்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, நிமிராமல். அது கூடையைக் கழற்றவில்லை. தரையெல்லாம் கிளிப்புகள் கொட்டிக் கிடந்தன, இப்போதுதான் கண்ணில் பட்டது, அளவெடுத்தது மத்தியானம், அதற்குப் பிறகு எத்தனை தடவை இந்த வழியாக நடந்தாள், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் கை பரபரக்கிறவள், ஒரு கிளிப் கீழே விழுந்தால்கூடப் பொறுக்காதவள்... அந்தக் கூடையைத் திரும்பப் பரணில் வைக்காமல் விட்டது மறந்துதானா?